முத்துக் காதணிப் பெண்ணின் பிரதி: தண்டையார்பேட்டையில் எண்ணெய் வண்ணம் காய்ந்த விதம்

இரண்டாவது பலகை காய்ந்துவிட்டது. கன்னத்தில் விரல் வைத்தால் ஒட்டவில்லை. நீலத் தலைப்பாகையில் சுருக்கம் விழவில்லை. கழுத்து நிழலில் தொங்கும் முத்து, ஓரக்கோடு எதுவும் இல்லாமலே முத்தாகத் தெரிகிறது. முதல் பலகையில் இந்த மூன்றுமே கெட்டன. அதோடு முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது, பின்னணிக் கறுப்பு திட்டுத்திட்டாக மங்கியது, ஐப்பசி மழையில் பலகையே வளைந்துகொண்டது. இரண்டுக்கும் இடையில் கைப்பழக்கம் பெரிதாகக் கூடிவிடவில்லை. எதை முதலில் பூசுவது, எந்த எண்ணெயில் பூசுவது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்ற வரிசைதான் மாறியது. கடற்காற்றும் கன்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்து வரும் ஊரில் எண்ணெய் ஓவியம் பழக நினைப்பவர்களுக்காக அந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட மூலம், டெல்ஃப்ட் நகரத்து யோஹான்னஸ் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த 'முத்துக் காதணி அணிந்த பெண்'. இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்ணெய் முகச்சித்திரம் என்றால் நம் ஊரில் பலரும் ரவி வர்மாவில் தொடங்குவார்கள். எனக்கு அது முதல் பாடமாகத் தோன்றவில்லை. ஜரிகைக் கரையும் நகையும் பட்டு மடிப்பும் நேரத்தையெல்லாம் தின்றுவிடும், முகம் கடைசியில் அவசரமாக முடியும். வெர்மீரின் பெண்ணிடம் ஒரே வெளிச்சம், ஒரே முகம், வெறும் இருட்டுப் பின்னணி. அளவும் 44.5 × 39 செ.மீ. மட்டும், மடியில் வைத்தே வேலை செய்யலாம். அருங்காட்சியகம் 2018-இல் இந்த ஓவியத்தை அடுக்கடுக்காக ஆராய்ந்து, எந்த நிறத்தின் கீழே எந்த நிறம் இருக்கிறது என்று வெளியிட்டிருக்கிறது. பழகுபவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது அரிது.

பிரதிக்கான படத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 1994-இல் ஓவியத்தைச் சுத்தம் செய்து பழைய, மஞ்சளித்த வார்னிஷை எடுத்தார்கள். அதற்கு முந்தைய படத்திலிருந்து வந்த அச்சுகளில் முகம் மஞ்சளாக இருக்கும். முத்தில் கூடுதலாக ஒரு வெண்புள்ளியும் தெரியும். அது பெயர்ந்து ஒட்டியிருந்த வண்ணச் செதில் என்று சுத்தம் செய்தபோதுதான் தெரிந்தது, அதை நீக்கிவிட்டார்கள். வாயோரத்தில் சின்னதாக ஓர் இளஞ்சிவப்பு ஒளிப்புள்ளி வெளிப்பட்டதும் அப்போதுதான். படத்தில் அந்த வாயோரப் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படம் வேண்டாம்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரதி எடுப்பவர்கள் மூல அளவிலேயே வரையக் கூடாது என்று விதி உண்டு, போலி விற்பனையைத் தடுக்கத்தான். வீட்டில் படிப்பதற்கு மூல அளவுதான் சிறந்தது, பிரஷ் வீச்சின் அகலம் அப்போதுதான் புரியும். பலகையின் பின்புறம் 'பிரதி' என்ற சொல்லையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

பலகை

மூலம் துணியில் வரையப்பட்டது. இங்கே துணியை நான் பரிந்துரைக்கவில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் மழையில் தளரும், வெயிலில் இறுகும். கடைகளில் ரெடிமேடாகக் கிடைப்பதன் நெசவும் முரடு. மெல்லிய மேல்பூச்சு போடும்போது அந்த நெசவு கன்னத்தில் புள்ளிபுள்ளியாக எழும்பும். 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகை போதும். வெட்டி வாங்கியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் 59.2 செ.மீ. வர வேண்டும். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போனால் சட்டம் போடும்போது ஒரு பக்கம் இடுக்கு தெரியும்.

முதல் பலகை 3 மி.மீ. ஹார்டுபோர்டு. முன்பக்கம் மட்டும் பிரைமர் பூசியது. முன்பக்கம் அடைபட்டு, பின்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பியதால் நடுப்பகுதி பின்னால் பிதுங்கியது. இரண்டாவது பலகையில் முதலில் பின்பக்கமும் நான்கு ஓரங்களும் இரண்டு கை, பிறகு முன்பக்கம் நான்கு கை அக்ரிலிக் ஜெஸ்ஸோ, அதாவது ஓவியப் பலகைக்கான வெள்ளை அடிப்பூச்சு. ஓரங்களை விடாதீர்கள், எம்.டி.எஃப். ஓரம் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். முதல் கைக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். ஒரு கை நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். கைக்குக் கை மூன்று மணி நேரம், மழைநாளில் ஓர் இரவு. இடையிடையே 220 உப்புத்தாள், கடைசியில் 400 வாட்டர் பேப்பர். கண்ணாடிபோல வழவழக்கும்வரை தேய்க்கக் கூடாது, வண்ணம் பிடிக்காமல் வழுக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் சுவர்ப் பட்டியையும் எமல்ஷனையும் பூசிவிடலாமே என்று தோன்றும். பட்டி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வண்ணத்தைப் பொடியாக விட்டுவிடும். இந்த ஒரு செலவைக் குறைக்க வேண்டாம்.

நான்காவது கையில் மட்டும் அக்ரிலிக் யெல்லோ ஓக்கரும் ரா அம்பரும் கொஞ்சம் கலந்து மங்கிய பழுப்பாக்கினேன். வெள்ளைப் பலகையில் எந்த நிறமும் அளவுக்கு மீறி இருட்டாகத் தோன்றும். அதனால் கை தானாக வெளுப்பையே நாடும். முகம் சுண்ணாம்பானதற்குப் பாதிக் காரணம் அந்த வெள்ளை அடிப்பூச்சுதான்.

அச்சும் வெளிச்சமும்

ஏ3 தாளில் மூல அளவு அடங்காது, ஏ2 வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் டிஜிட்டல் பிரிண்ட் போடுகிற இடங்களில் மேட் தாளில் இரண்டு பிரதி எடுக்கலாம், ஒன்று வண்ணம், ஒன்று கறுப்பு வெள்ளை. ஃபிளெக்ஸ் வேண்டாம், பளபளக்கும், சிவப்பு கூடிவிடும். தாளுக்குப் பொருந்துமாறு அச்சு இயந்திரம் படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கம். வாங்கும் இடத்திலேயே ஸ்கேல் வைத்துப் படத்தின் அகலம் 39 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

வீட்டு டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கூடியது. அதன் கீழே கலக்கிய தோல்நிறம் சரியாகத்தான் தெரியும். காலையில் மொட்டை மாடியில் பார்த்தால் ஆரஞ்சாக இருக்கும். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் 5000 கெல்வின், நிறத் துல்லியம் (CRI) 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்.இ.டி. பல்பு ஒன்று. பல்பு தலைக்கு மேலே, இடது பக்கம். பலகைக்கும் அச்சுக்கும் ஒரே வெளிச்சம் விழ வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக நிற்க வேண்டும். அச்சைத் தரையில் கிடத்தி, பலகையை நிறுத்தி வேலை செய்தால் ஒளி-நிழல் ஒரு படி தவறும்.

வண்ணமும் எண்ணெயும்

வெர்மீர் ஈய வெள்ளை, வெர்மிலியன், ஈய-வெள்ளீய மஞ்சள், லாபிஸ் லாசுலி கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரீன், காச்சினீல் பூச்சியிலிருந்து வந்த சிவப்பு, மண் நிறங்கள், கறுப்பு ஆகியவற்றை வைத்துக்கொண்டார். ஈயமும் பாதரசமும் வீட்டில் தேவையில்லை. இந்தப் பிரதிக்கு வாங்கியவை: டைட்டானியம் வெள்ளை பெரிய டியூப் ஒன்று, யெல்லோ ஓக்கர், ரா சியன்னா, ரா அம்பர், பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக், கேட்மியம் ரெட் லைட், பெர்மனென்ட் அலிசரின், ஃப்ரெஞ்ச் அல்ட்ராமரீன், கேட்மியம் யெல்லோ லைட், விரிடியன் ஆகியவை சிறிய டியூப். காசு குறைவாக இருந்தால் மண் நிறங்களை மாணவர் ரகத்தில் வாங்கலாம், தரம் அதிகம் கெடாது. சிவப்பும் நீலமும் மட்டும் கலைஞர் ரகமாக இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில்தான் முதல் பலகையின் நீலம் போனது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் கதவுக்கும் ஜன்னலுக்கும் உரியது. உலர்த்தும் மருந்து கலந்திருப்பதால் மேலே சீக்கிரம் ஆடை கட்டும், உள்ளே ஈரமாகவே நிற்கும், பிறகு ஆடை சுருங்கும். நிறமும் பழுப்பேறும். ஓவியத்துக்கு உரிய சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய் 100 மி.லி. வாங்கினால் நான்கு பலகைக்கு வரும். அதேபோல ஹார்டுவேர் கடை டர்பன்டைன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பிரஷ் கழுவ அது போதும். வண்ணத்தில் கலக்க ஓவியப் பொருள் கடையின் வடித்த டர்பன்டைன்.

கலவையின் விகிதம் அடுக்குக்கு அடுக்கு மாற வேண்டும். அடியடுக்குக்கு வெறும் டர்பன்டைன். அடுத்ததற்கு டர்பன்டைன் மூன்று பங்கு, எண்ணெய் ஒரு பங்கு. அதற்கு மேல் சரிபாதி. கடைசி கிளேஸ் அடுக்குக்கு, அதாவது கீழுள்ள நிறம் ஊடாகத் தெரியும் மெல்லிய மேல்பூச்சுக்கு, எண்ணெய் இரண்டு பங்கு. தலைகீழாகப் போனால், மெதுவாகக் காயும் கொழுத்த அடுக்கின் மேல் சீக்கிரம் காயும் வறண்ட அடுக்கு உட்கார்ந்து வெடிக்கும். முதல் பலகையில் தலைப்பாகைக்குப் பின்னால் இருந்த மயிரிழை வெடிப்புகள் அப்படி வந்தவை. அலிசரினும் ஐவரி பிளாக்கும் கலந்த கெட்டியான பூச்சு காயும் முன்னே அதன்மேல் பர்ன்ட் அம்பர் போனது. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது எல்லா நிறத்துக்கும் முன்னே காய்ந்துவிடும், ஐவரி பிளாக் கடைசியில்தான் காயும்.

கோடு மாற்றுதல்

டிரேசிங் பேப்பரில் கோடு எடுத்து, அதன் பின்புறம் கோலத்துக்கு ஓரம் கட்டும் காவிப்பொடியைத் தேய்த்தால் கார்பன் தாள் தேவையில்லை. பொடியில் சாயம் கலந்திருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரிலும் இன்னொன்றை டர்பன்டைனிலும் போடுங்கள். பொடி அடியில் தங்கி மேலே தெளிந்தால் அது மண், பயன்படுத்தலாம். திரவம் சிவந்தால் சாயம். அது பிற்பாடு வெள்ளையின் ஊடாக மேலே கசியும்.

கண்ணிமைகள், மூக்குத்துளை, உதடுகளுக்கு நடுவிலுள்ள கோடு, தாடை, காது மடல், வெள்ளைக் காலர், தலைப்பாகையின் பெரிய மடிப்புகள். இவ்வளவுதான் பலகைக்குப் போக வேண்டும். ஒளிப்பக்கம் மூக்கின் விளிம்புக்குக் கோடே வேண்டாம். மூலத்தில் மூக்குத்தண்டு கன்னத்தோடு கரைந்து போகிறது, அங்கே எல்லைக்கோடு கிடையாது. கோடு கண்ணில் பட்டால் கை அதைப் பின்தொடர்ந்தே தீரும். முத்துக்கும் வட்டம் போடாதீர்கள், தொங்குமிடத்தில் ஒரு சின்னப் புள்ளி போதும். கோடு எடுத்து மாற்றுவது குறுக்குவழி என்று தயங்க வேண்டியதில்லை. வெர்மீரே காது, தலைப்பாகையின் உச்சி, கழுத்தின் பின்புறம் ஆகியவற்றை வரையும்போது இடம் மாற்றியிருக்கிறார் என்று 2018 ஆய்வு காட்டுகிறது. இடம் பார்ப்பதும் திருத்துவதும் கடைசி அடுக்கு வரை நடக்கும்.

பழுப்பு அடுக்கு

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. வெர்மீர் முகத்துக்கும் உடைக்கும் கீழே பழுப்பிலும் கறுப்பிலும் ஒளி-நிழலை முதலில் அமைத்தார். அதையே செய்ய வேண்டும். பர்ன்ட் அம்பரோடு ஐவரி பிளாக் சிறிது சேர்த்து, டர்பன்டைனில் நீர்த்து, பலகை முழுக்க மெல்லிதாகத் தடவுங்கள். பத்து நிமிடம் விட்டு, பழைய வேட்டித்துணியை விரலில் சுற்றி ஒளிபடும் இடங்களைத் துடைத்தெடுங்கள். நெற்றி, ஒளிப்பக்கக் கன்னம், மூக்கு, மேலுதட்டுக்கு மேல்பகுதி, காலர். பிறகு 6ஆம் எண் தட்டைப் பிரஷ்ஷில் இருட்டுகளைச் சேர்க்க வேண்டும்.

ஒன்பது கட்டம் கொண்ட ஒரு பழுப்புப் பட்டையை அட்டையில் முன்கூட்டியே பூசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருட்டு, ஒன்பது வெளிச்சம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆணியால் ஓட்டை போட்டு, அதைக் கறுப்பு வெள்ளை அச்சின் மேல் வைத்தால் அந்த இடம் எத்தனையாவது படி என்று ஓட்டை வழியே தெரிந்துவிடும். நெற்றி எட்டாவது படியைத் தாண்டக் கூடாது. ஒன்பதை முத்தின் ஒளிக்கும் காலரின் ஓரத்துக்கும் கண்ணிலுள்ள புள்ளிக்கும் மிச்சம் வைக்க வேண்டும். முதல் பலகையில் நெற்றியிலேயே ஒன்பது செலவானது. பிறகு முத்து மின்ன இடமே இல்லை.

கைபேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பலகையையும் அச்சையும் ஒரே சட்டகத்தில் பாருங்கள். கண்ணாடியில் இடவலம் மாற்றியும் பாருங்கள். இந்த அடுக்கில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் வண்ணம் போட்டும் தெரியாது. துடைத்துவிட்டு மறுபடி பூச இங்கே அரை மணி நேரம் போதும், பின்னால் என்றால் வாரக்கணக்கு.

பின்னணி

முகத்தை முடித்துவிட்டுச் சுற்றிலும் கறுப்பை அடைப்பது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படிச் செய்தால் தலையைச் சுற்றி ஒரு கத்தரித்த விளிம்பு வரும், முகம் ஒட்டுப்படம் போல நிற்கும். பின்னணி முதலில், முகத்தின் எல்லைக்குள் 2 மி.மீ. ஏறும்படி. முகம் அதன்மேல் வந்து உட்கார வேண்டும்.

மூலத்தின் பின்னணி இன்று ஏறக்குறைய கறுப்பு. வெர்மீர் வரைந்தபோது அது பளபளப்பான பச்சைத் திரை. கறுப்படுக்கின் மேல், அவுரியிலிருந்து எடுக்கும் இண்டிகோவையும் வெல்ட் என்ற மஞ்சள் சாயச் செடியையும் கலந்து கிளேஸ் போட்டிருந்தார். இந்த இரண்டு சாயமும் காலப்போக்கில் மங்கிவிட்டன. நான் மூலத்தின் முதல் நோக்கத்தைப் பின்பற்றினேன், ஏனென்றால் பச்சைச் சாயல் பின்னால் இருந்தால்தான் கன்னத்தின் சிவப்பு பக்கத்தில் உயிரோடு நிற்கிறது. ஐவரி பிளாக்கும் பர்ன்ட் அம்பரும் சரிபாதி, மெல்லிய ஒரு கை. அம்பர் சேர்வதால் தனிக் கறுப்பைவிடச் சீக்கிரம் காயும். காய்ந்ததும் ஆங்காங்கே மங்கிய திட்டுகள் தெரியும், அடியடுக்கு எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட இடங்கள் அவை. எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, பஞ்சு உதிராத துணியால் தேய்த்து, உடனே முழுக்கத் துடைத்துவிட்டால் திட்டு மறையும். அடுத்த பூச்சுக்குச் சற்று முன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள். முதல் பலகையில் திட்டை மறைக்க மேலும் மேலும் கறுப்பு ஏறியது, திட்டும் கூடிக்கொண்டே போனது.

பிறகு விரிடியன், ரா சியன்னா, ஒரு துளி கறுப்பு சேர்த்த கிளேஸ். 'விரிடியன் ஹ்யூ' என்று போட்ட டியூப் பெரும்பாலும் தாலோ பச்சையாக இருக்கும், வீரியம் பல மடங்கு. அதில் கால் பங்கு எடுத்தாலே போதும்.

முகம்

மூன்று குவியல் கலக்குங்கள். ஒளிக்கு: கொண்டைக்கடலை அளவில் நான்கு பங்கு வெள்ளை, ஒரு பங்கு யெல்லோ ஓக்கர், அரிசி அளவு கேட்மியம் ரெட். நடுவுக்கு: அந்தக் குவியலில் பாதியை எடுத்து ரா அம்பர் கொஞ்சம் கொஞ்சமாக, பட்டையில் ஐந்தாவது படிக்கு இறங்கும்வரை. நிழலுக்கு: பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், அலிசரின் ஒரு துளி. நிழற்குவியலில் வெள்ளை சேரவே கூடாது. சேர்ந்தால் சாம்பல் பூத்துவிடும். நிழல் மெல்லிதாக, அடியிலுள்ள பழுப்பு தெரியும்படி இருக்கட்டும். ஒளி கெட்டியாக இருக்கட்டும். இந்தக் கனவேறுபாட்டை அச்சிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது, ஆய்வுப் படங்களில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவற்றைப் பார்த்தால் புரியும்.

ஈய வெள்ளையை விட டைட்டானியம் குளிர்ச்சியானது, மறைக்கும் வீரியமும் அதிகம். அதனால் ஒளிக்குவியலைத் தொட்டுத் தொட்டுத்தான் வெளுக்க வேண்டும். இந்த முகத்தின் ஒளிப்பக்கத்தில் மேடுபள்ளம் மிகக் குறைவு. கன்ன எலும்பு, மூக்கோரம், வாயைச் சுற்றிய தசை என்று தெரிந்ததையெல்லாம் போட்டால் வயது கூடிவிடும். ஒளிக்குவியலை ஒரே நிறமாக அகலமாகப் பரப்பி, நிழலைச் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் நடுக்குவியலை ஒரு விரல் அகலத்துக்கு வையுங்கள்.

குவியல்கள் சந்திக்கும் ஓரங்களைக் கலப்பதற்கு ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் கன்னத்துக்குப் பூசும் மேக்கப் பிரஷ் நன்றாக உதவுகிறது. முழுக்க உலர்ந்ததாக இருக்க வேண்டும். பூசி அரை மணி நேரம் கழித்து, வண்ணம் சற்று இழுக்கத் தொடங்கும்போது, மேலாக விசிறுவதுபோல இரண்டு மூன்று முறை. ஈரம் அதிகமாக இருக்கையில் தொட்டால் மூன்று குவியலும் ஒன்றாகிச் சேறாகும். சித்திரை வெயிலில் இந்த அரை மணி பதினைந்து நிமிடமாகக் குறையும்.

வெள்ளைவிழிக்கு டியூப் வெள்ளையை எடுக்காதீர்கள், ஒளிக்குவியலில் கறுப்பு ஒரு துளி சேர்த்த சாம்பல்தான் அது. மௌரிட்ஸ்ஹௌஸ் ஆய்வில் இரண்டு கண்களிலும் மிக மெல்லிய இமைமயிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன, வெறும் கண்ணுக்குத் தெரியாதவை. பிரதியில் அவற்றைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. 000 பிரஷ்ஷில்கூடத் தடித்துவிடும். உதட்டுக்குக் கேட்மியம் ரெட்டும் அலிசரினும், நடுக்கோட்டில் பர்ன்ட் அம்பர். கீழுதட்டின் ஈர ஒளியும் வாயோரப் புள்ளியும் உதடு ஈரமாக இருக்கும்போதே போனால்தான் கரையும். காய்ந்தபின் வைத்தால் ஒட்டிய சோற்றுப்பருக்கையாகத் தெரியும்.

தலைப்பாகையும் முத்தும்

நீலத்துக்கு இரண்டு அடுக்கு. முதலில் அல்ட்ராமரீன், வெள்ளை, நிழலில் கறுப்பு சேர்த்து மூன்று படியில் மடிப்புகள், வேண்டிய நீலத்தைவிட ஒரு படி வெளுப்பாக. நன்கு காய்ந்தபின் அல்ட்ராமரீனை மட்டும் எண்ணெயில் இளக்கி, பட்டாணி அளவுக்கு மூன்று சொட்டு, மெல்லிய கிளேஸ். வெளிச்ச மடிப்புகளில் துணியால் ஒற்றி எடுங்கள். இந்த அடுக்குதான் நீலத்துக்கு ஆழம் தருகிறது. பின்னால் தொங்கும் மஞ்சள் துணிக்கு ஓக்கர் அடி, மேலே கேட்மியம் யெல்லோவும் வெள்ளையும் கலந்த சிறு வீச்சுகள்.

முத்து கடைசி. கழுத்தின் நிழல் காய்ந்திருக்க வேண்டும். மேலே இடப்பக்கம் கெட்டியான வெள்ளையில் ஒரே தொடுகை, கீழே காலரின் ஒளி பிரதிபலிக்கும் மங்கலான சாம்பல் வளைவு, இரண்டுக்கும் நடுவே கழுத்தின் நிழலே முத்தின் உடல். காதில் மாட்டும் கொக்கி மூலத்திலேயே கிடையாது. மேல்தொடுகையை முதலில் ஓர் அட்டையில் பலமுறை போட்டுக் கை பழகியபின் பலகைக்கு வாருங்கள். போட்டபின் தொடாதீர்கள், தொட்டால் கீழிருக்கும் பழுப்பு கலந்து வெள்ளை அணைந்துவிடும்.

காயவைத்தல்

மழையில்லாத மாதங்களில் அம்பர் அடுக்கு ஓரிரு நாளிலும், வெள்ளை கலந்த முகம் ஐந்தாறு நாளிலும், கறுப்பு ஒரு வாரத்துக்கு மேலும் எடுத்தன. ஐப்பசி, கார்த்திகையில் ஏறக்குறைய இரு மடங்கு. வேலைக்கு ஏற்றவை தை முதல் பங்குனி வரை. காலை நேரம் நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும், கூடவே எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கத்து வீடுகளில் லாரிகளின் கரித்தூளும். ஈரப் பலகையை முகம் சுவர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் தூசி பின்புறத்தில் விழும். ஈர வண்ணத்தில் தூசி ஒட்டினால் எடுக்க முயல வேண்டாம், காய்ந்தபின் பிளேடு நுனியால் எடுக்கலாம். பல வாரம் பரணில் இருட்டில் வைத்தால் ஆளி எண்ணெய் மஞ்சளிக்கும், நேர் வெயில் படாத வெளிச்சமான சுவரே இடம்.

எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய டப்பாவில் மூடி வையுங்கள். பிரஷ் கழுவிய டர்பன்டைனைத் தெருச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். பாட்டிலில் இரண்டு நாள் தெளியவிட்டால் மேலே உள்ளதை மறுபடி பயன்படுத்தலாம்.

செலவு

எம்.டி.எஃப். வெட்டுக்கூலியோடு 150 ரூபாய், ஜெஸ்ஸோ 320, உப்புத்தாள் 60, இரண்டு அச்சு 260, வண்ணங்கள் 2,600, பிரஷ்கள் 780, எண்ணெயும் டர்பன்டைனும் 340, டிரேசிங் தாள் முதலிய சில்லறை 80. தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி இல்லாத மரச்சட்டம் 1,250. மொத்தம் 5,840. டியூப்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அடுத்த பலகைக்குச் சட்டம் தவிர ஆயிரத்துக்குள் அடங்கும். கண்ணாடி போடவில்லை, ஆறு மாதத்துக்குள் மூடினால் உள்ளே புழுக்கம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இறுதி வார்னிஷும் ஆறு மாதம் கழித்துத்தான், மழை முடிந்த ஒரு வறண்ட வாரத்தில்.

அடுத்த முறை அடிப்பூச்சின் நிறத்தை இன்னும் ஒரு படி இருட்டாக்க வேண்டும், நிழற்பக்கத் தாடையில் இப்போதும் அடிவெளுப்பு எட்டிப் பார்க்கிறது. பச்சைக் கிளேஸை ஒரே கையாகப் போட்டது மேல்மூலையில் கொஞ்சம் வழிந்திருக்கிறது. பலகையைக் கிடத்தி வைத்து இரண்டு மெல்லிய கையாகப் பிரித்துப் போடுவது நல்லது. முழு ஓவியத்துக்குப் பதில் கண், மூக்கு, வாய் மட்டும் வரும் 20 × 20 செ.மீ. துண்டுப் பலகைகள் மூன்றுக்கு இப்போதே ஜெஸ்ஸோ பூசி வைத்திருக்கிறேன். மூக்கு கன்னத்தில் கரையும் அந்த இடத்தை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணெய் விகிதத்தில் செய்து பார்க்க வேண்டும்.